கடைசித் தையலுக்கு முன்னால்

எங்கள் ஒரிஸ்தானோவில் பொனாரியா வேகமாக நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்கள். யார் வீட்டிலோ யாரோ படுத்துவிட்டார்கள், அதை அந்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்ல இவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். சந்தையில் காய்கறி விற்கிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டுப் பயனில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். திரும்பி வருவதற்குள் ஆளாளுக்குக் காயில் கை வைத்திருப்பார்கள்.

ஒரு தடவை கால்பந்து ஆட்டத்துக்கு நடுவே மைதானத்தில் இறங்கிவிட்டாள். நடுவர் விசில் ஊதுகிறார், இரண்டு பக்கமும் கத்துகிறார்கள், இவள் பாட்டுக்குக் கோல்கீப்பரிடம் போய் நின்றாள்.

"உங்கம்மா படியில வழுக்கி விழுந்துட்டா. கிளம்பு."

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரந்தான். ஒரு கோல் முன்னாடி இருக்கோம்."

"பந்து எங்கயும் போயிடாது. அம்மா போயிட்டா என்ன பண்ணுவ?"

அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அவன் அம்மா கையில் கட்டோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும், "ஆட்டத்த விட்டுட்டு எதுக்குடா வந்த, தண்டம்?" என்று திட்டினாள். எங்கள் ஊர் தோற்றது. வெகு நாள் வரைக்கும் பொனாரியாவிடம் காய் வாங்கியது எதிரணி ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

நான் அசுந்தா, அவளுடைய சித்தி மகள். எங்கள் அம்மாக்கள் உடன்பிறந்தவர்கள். அவளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆனால் எனக்குக் காரணம் தெரியும்.

தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவலின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் குதிரைகள் ஓடும். தேவாலயத் தெருவின் குறுக்கே நாடாவில் ஒரு நட்சத்திரம் தொங்கும். முகமூடிக்காரர்கள் குதிரையை முழு வேகத்தில் விட்டு அதை வாள்முனையில் கோத்து எடுக்க வேண்டும். நட்சத்திரம் நிறைய வாளில் விழுந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும். அவர்களுக்கெல்லாம் தலைவனாக ஓடுகிறவனைக் கொம்பொனிதோரி என்போம். உழவர் சங்கம்தான் அவனைத் தேர்ந்தெடுக்கும். அன்று மதியம் அவன் ஒரு மேசைமேல் ஏறி, அங்கே போட்டிருக்கும் நாற்காலியில் உட்காருவான். அதற்குப் பிறகு பொழுது சாய்கிறவரை அவன் கால் தரையில் படக் கூடாது. பெண்கள் நாங்கள்தான் உடுத்திவிட வேண்டும். சட்டை, தோல் அங்கி, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு மரமுகம், அதன்மேல் முக்காடு, தொப்பி. முகமூடியின் நாடாவைப் பின்கழுத்தில் வைத்துத் தைத்து முடித்தால் அவனுக்குப் பேர் கிடையாது. பெற்ற தாய்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மேசையிலிருந்து நேரே குதிரைமேல் ஏறிப் போய்விடுவான்.

பொனாரியா இப்போது அந்தப் பெண்களுக்குத் தலைவி. ஊசி அவள் கையில். ஒவ்வொரு வருஷமும் கடைசித் தையலுக்கு முன்னால் ஊசியை நிறுத்திவிட்டு, குனிந்து, கொம்பொனிதோரியிடம் ஒரு கேள்வி கேட்பாள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

அவன் தலையை ஆட்டினால்தான் ஊசி இறங்கும். வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவர்களிடம், இது நானூறு வருஷத்துச் சடங்கு என்று எங்கள் ஊர் வழிகாட்டி ஒருவன் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். நானூறு வருஷமாவது, மண்ணாவது. அது பொனாரியாவுக்குப் பத்தொன்பது வயதில் தொடங்கியது.

அந்த வருஷம் கொம்பொனிதோரி அவளுடைய அண்ணன் சிசின்னியோ. அவர்கள் அப்பா ரைமொந்தோ, எனக்குப் பெரியப்பா, வாழ்நாளெல்லாம் அந்தப் பட்டத்துக்கு ஏங்கியவர். பிப்ரவரியில் பேர் அறிவிக்கிற நாளன்று வெல்வெட் கோட்டைப் போட்டுக்கொண்டு சங்கத்துக்குப் போவார். தன் பேர் வராது. வீட்டுக்கு வந்து பேசாமல் குடிப்பார். கடைசியில் மகன் பேர் வந்தபோது நடுத்தெருவில் நின்று அழுதார். கேட்டவர்களிடம், "வெங்காயம் உரிச்சிட்டு வந்தேன்" என்றார். வெல்வெட் கோட்டோடு யார் வெங்காயம் உரிப்பார்கள்?

அப்போதைய தலைவி அன்னிக்கா அம்மாள், "அண்ணன் முகமூடிய தங்கச்சியே தைக்கட்டும்" என்று பொனாரியா கையில் ஊசியைக் கொடுத்தாள். சின்னப் பெண்களுக்கு அந்த ஊசி கிடைக்காது. இவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதமாகத் தலையணைக்கு நாடா தைத்துப் பழகினாள். அவர்கள் வீட்டில் தலையணைகள் எல்லாம் கழுத்தில் நாடாவோடு இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் பின்னால் வந்து, குதிரை ஓடும் தெருவில், பாதிரிமார் படிக்கும் செமினரியின் முனையில் நிற்பதாக இருந்தது. முந்தின நாளே அவருக்கு நெஞ்சைப் பிடித்திருந்தது. வெர்னாச்சா ஒரு மடக்கு உள்ளே போனால் சரியாகிவிடும் என்று எங்கள் ஊர் மதுவின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டார்.

உடுத்தும் அறையில் கூட்டம் பிதுங்கியது. நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, வாயில் குண்டூசிகளோடு, சட்டைக் கையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். சிசின்னியோவின் நாற்காலிக்குப் பின்னால்தான் பக்கவாட்டுக் கதவு. முகமூடி வைத்தாயிற்று. பொனாரியா தைக்கத் தொடங்கியிருந்தாள். அப்போது பெரியப்பாவின் பக்கத்து வீட்டு தெசொலீனா அத்தை அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏதோ சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினாள். வெளியே முழங்கிய முரசில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பொனாரியா ஊசியும் நூலுமாக அப்படியே நின்றதைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தெசொலீனா சொன்னது என்ன என்பதை அந்த வாரம் கொம்பொனிதோரியின் சட்டையை இஸ்திரி போடும்போது பொனாரியா என்னிடம் சொன்னாள்.

"அப்பா ஷூ போட உட்கார்ந்தாரு, எழுந்திரிக்க முடியல. சாமியாரக் கூட்டிவர ஆள் போயிருக்கு. அண்ணனக் கூப்பிடறாரு. உடனே வரச் சொல்லு."

இன்னும் ஒரே ஒரு தையல்தான் பாக்கி. அது விழாதவரை அவன் சிசின்னியோதான், பேர் சொல்லிக் கூப்பிடலாம். அவன் இறங்கினால் ஓட்டம் நின்றுபோயிருக்காது. அவனுக்குப் பதிலாக ஓட வேண்டிய இரண்டாமவன் அறையிலேயே தயாராக நின்றான். நின்றுபோயிருக்கக்கூடியது பொனாரியா பழகி வைத்திருந்த தையல் மட்டும்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்த அவள் கை மட்டும்தான்.

முகமூடிக்குள்ளிருந்து அண்ணன் கேட்டான்: "அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டாரு அண்ணா. செமினரி முனையில நிக்கறாரு. போகும்போது பாரு."

சொல்லிவிட்டுத் தைத்தாள்.

குதிரை வெளியே போனதும் வீட்டுக்கு ஓடினாள். பெரியப்பா வெல்வெட் கோட்டோடு படுத்திருந்தார். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். "அவன் எங்க?" என்றார். "வந்துக்கிட்டே இருக்கான்பா" என்றாள். அவர் கதவைப் பார்த்தபடியே கிடந்தார். தூரத்தில் நட்சத்திரம் விழுந்ததற்கு எக்காளம் ஊதியது. கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார்.

சிசின்னியோ அப்போது வாள்முனையில் நட்சத்திரத்தோடு செமினரி முனையைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் கண்ணால் பார்த்தேன். அங்கே யாரோ பெண் நிற்கிறாள் என்று எல்லோரும் கேலி பேசினார்கள். சாயங்காலம் அவனை மேசைமேல் திரும்ப ஏற்றி முகமூடியைக் கழற்றினோம். முகமெல்லாம் ஈரம். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலைத் தரையில் வைத்தவன் வீட்டைப் பார்த்து ஓடினான். கூட்டத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று பொனாரியா நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அழுததை மறக்க முடியாது. "தச்சுட்டேங்கா. தெரிஞ்சே தச்சுட்டேன். தையல் கோணாம விழணுமேன்னு கவலப்பட்டேன் பாரு, அத நினைச்சாத்தான் என்னால முடியல." சட்டை கருகிவிடப் போகிறது என்று பெட்டியை வாங்கி வைத்தேன்.

ஊர் அவளுக்குச் செய்த கொடுமை வேறு. அந்த வருஷம் நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்தன, விளைச்சலும் அள்ளிக்கொண்டு வந்தது. பொனாரியாவுக்குக் கைராசி என்று ஆகிவிட்டது. அடுத்த வருஷம் ஊசியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். "அசடே, அப்பா ஆசீர்வாதம்டீ அது" என்று அன்னிக்கா அம்மாள் அவள் கையை எடுத்து முத்தம் கொடுத்தாள். அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்ததாம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. தைக்காமல் தப்பிக்க முடியாது என்றால் கேட்டுவிட்டாவது தைக்கலாம். பாவமன்னிப்பும் கேட்டுப் பார்த்தாள். "சாமியார் மன்னிச்சிட்டாருக்கா. அவருக்கென்ன, அவரா என் அப்பா? அவரா என் அண்ணன்?" என்றாள் என்னிடம்.

சிசின்னியோ அப்புறம் குதிரை ஏறவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே எங்கள் தீவை விட்டுக் கப்பலேறி, டூரினுக்குப் போய்க் கார் தொழிற்சாலையில் சேர்ந்தான். கிறிஸ்துமஸுக்கு வருவான், கோடையில் வருவான், கார்னிவலுக்கு மட்டும் வர மாட்டான். அவன் வரும்போதெல்லாம் இவள் சொல்லிவிடத் துடிப்பாள். "அண்ணா, அன்னைக்கு அந்த அறையில..." என்று ஆரம்பித்தாலே அவன் விறகு எடுத்து வர எழுந்துவிடுவான். கோடையில்கூட விறகு எடுக்கப் போவான். அவனுக்கு அந்தப் பேச்சு வலிக்கிறது என்று இவள் வாயை மூடிக்கொள்வாள். தகவல் என்று ஒன்று கையில் கிடைத்தால் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்காமல் ஓடுகிறவள், சேர்க்க வேண்டிய ஒரே தகவலை முப்பது வருஷம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

போன வருஷம் அவள் மகன் ப்ரியாமோவின் பேர் வந்தது. பொனாரியா டூரினுக்கு போன் போட்டாள்.

"நீ வராம அவன் குதிரை ஏற மாட்டானாம்."

"அவன் சொன்னானா, நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன். வா."

வந்தான். தலை நரைத்து, கொஞ்சம் கூன் போட்டு, அச்சு அசல் பெரியப்பாவாக வந்து இறங்கினான். ஆனால் உடுத்தும் அறைக்கு வர மாட்டேன் என்றுவிட்டான்.

அறையில் பொனாரியா மகனுக்கு முகமூடி வைத்துத் தைத்தாள். கடைசித் தையலுக்கு முன்னால் கை நின்றது.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"ஏம்மா, வீட்டுல இருக்கிறது நீ, அப்பா, பூனை. நீ இங்க நிக்கற. அப்பா வெளிய குடிச்சிட்டு இருக்காரு. பூனை சௌக்கியம்."

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "மாமா?" என்றாள்.

"செமினரி முனையில நிக்கறாரு. இங்க வரும்போது பார்த்தேன்."

அவள் ஊசியை இறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மெய்தான், நிக்கறான்" என்ற பிறகுதான் தைத்தாள்.

பிறகு நானும் அங்கே போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன். ப்ரியாமோ பறந்து வந்தான், நட்சத்திரம் வாளில் ஏறியது, எக்காளம் ஊதியது. திரும்பி வரும்போது எங்கள் முனைக்கு நேராக வாளைத் தூக்கினான், மாமாவுக்காக. சிசின்னியோ தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். "எனக்கில்ல, அது எனக்கில்ல" என்று முனகிக்கொண்டே இருந்தான். வயதாகிவிட்டது, அழுகை வருகிறது என்று நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை பொனாரியா சமையலறையில் கார்னிவல் பலகாரமான சிப்புலா பொரித்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுத் தோல் சேர்த்த மாவு எண்ணெயில் சுருள் சுருளாக விழுந்தது. அவள் பொரிப்பாள், ஊருக்குக் கொடுப்பாள், தான் ஒன்றுகூட வாயில் வைக்க மாட்டாள். அந்த ஞாயிறிலிருந்து அப்படி. சிசின்னியோவும் நானும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றாள்.

"அண்ணா, விறகு இருக்கு. நீ எழுந்திரிக்க வேணாம்."

அவன் தலை குனிந்தான்.

எல்லாவற்றையும் சொன்னாள். தெசொலீனா வந்தது, சாமியாருக்கு ஆள் போனது, பாக்கி இருந்த தையல், தன் ஆசை, அப்பாவிடம் சொன்ன பொய், அவர் கதவையே பார்த்துக் கிடந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. "என்னை அடி, திட்டு, இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லு. எது சொன்னாலும் சரி. உன்ன அவர்கிட்ட போக விடாம பண்ணது நான்தான்" என்றாள்.

அவன் மேசையில் சிந்திக்கிடந்த சர்க்கரையை விரலால் ஒதுக்கினான்.

"தெரியும்" என்றான்.

"யாரு சொன்னா?"

"தெசொலீனாதான் சொன்னா. என் முதுகுக்குப் பின்னாலதானே நின்னா. அவ குரல் என்ன சின்னக் குரலா? அவ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டுச்சு."

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இறங்கணும்னு காலத் தூக்கினேன். தூக்கினேனா, தூக்கணும்னு நினைச்சேனா, இப்பத் தெரியல. வெளிய முரசு அடிக்குது. குதிரை கனைக்குது. அப்பாவுக்கே இதுதானே ஆசைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் உன்கிட்ட கேட்டேன்." அவன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். "அப்பா வந்துட்டாரான்னு நான் கேட்டது தெரிஞ்சுக்கறதுக்கில்ல, பொனாரியா. நீ வந்துட்டாருன்னு சொல்லணும்னுதான் கேட்டேன். சொல்லிட்டா நான் போகலாம்ல. நீ சொன்ன."

"அப்ப எதுக்கு அந்த முனையப் பார்த்து நட்சத்திரத்தத் தூக்கின?"

"மெய்யாவே நின்னுட மாட்டாரான்னு பார்த்தேன்."

எனக்கு அவனை எழுந்து அறைய வேண்டும் போலிருந்தது. கோடையில் விறகு எடுக்கப் போனவன். பிள்ளை பெற்று, கடை போட்டு, கிழவியாகிற வரைக்கும் அவள் சுமக்கட்டும் என்று கப்பலேறிப் போனவன். பாதிப் பாரம் அவனுடையது, முழுவதையும் பத்தொன்பது வயதுப் பெண் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பொனாரியா அறையவில்லை. "என்னால சிப்புலா சாப்பிட முடியலண்ணா" என்றாள். "முப்பது வருஷமா ஒண்ணுகூட சாப்பிடலண்ணா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம்ல."

அவன் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதான். பெரியப்பா தெருவில் அழுதது போலவே தோள் குலுங்கியது. அவள் பக்கத்தில் போகவில்லை. போய்த் தொடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அடுப்பை மறுபடி பற்றவைத்து, மிச்ச மாவைப் பொரித்து முடித்தாள். கடைசிச் சுருளை இரண்டாக ஒடித்து ஒரு துண்டை அவன் முன்னால் வைத்தாள். மற்ற துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

"அங்க போய்ச் சொன்னியா?" என்றாள். அவள் கேட்டது கல்லறையை.

"கப்பல் விட்டு இறங்கினதும் நேரா அங்கதான் போனேன்."

"சரி. நாளைக்கு நானும் வரேன். சேர்ந்து சொல்லுவோம்."

போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததும் சரிதான்.

அதற்கப்புறம் அவள் கேள்வியை விட்டுவிடுவாள், இனி நிம்மதியாகத் தைப்பாள் என்று நினைத்தேன். நான் நினைத்தது எது நடந்திருக்கிறது? இந்த வருஷம் கொம்பொனிதோரி ஆற்றங்கரைத் தெருப் பையன். முகமூடி வைத்து, நாடா தைத்து, கடைசித் தையலுக்கு முன்னால் பொனாரியாவின் கை வழக்கம்போல நின்றது. கேமராக்காரர்கள் நானூறு வருஷத்துச் சடங்கைப் பிடிக்க நெருக்கியடித்தார்கள்.

அவள் குனியவில்லை. ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இவங்க வீட்டுக்கு ஓடு. உள்ள போய் ஒவ்வொருத்தரையும் கண்ணால பார்த்துட்டு வா."

வெளியே முரசுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சங்கத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். முகமூடிக்குள்ளிருந்து பையன் அவசரமாகச் சொன்னான்:

"எல்லாரும் சௌக்கியமா இருக்காங்கம்மா. நேரமாகுது, தையுங்க."

"உன்ன யாருடா கேட்டா?" என்றாள் பொனாரியா. அந்தப் பெண் திரும்பி வரும்வரை ஊசியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.